காந்தம் ஒட்டாத இடம்

வெண்ணெய் நிறக் கார் ஒன்றின் மேல் நான் ஏழு சிவப்பு அம்புகளை ஒட்டியிருந்தேன். ஒட்டியது எனக்கே தெரியாது. எட்டாவது அம்பை ரோலிலிருந்து உரிக்கும்போதுதான் முதுகுக்குப் பின்னால் ஒருவர் பலமாக மூச்சு விடுவது கேட்டது. காரின் சொந்தக்காரர். அதைத் தன் கையாலேயே செய்தவர்.

என் பிழைப்பு அப்படி. வேலம்பாளையத்தில் ஒரு செக்கிங் யூனிட் வைத்திருக்கிறேன். தைத்து முடித்த பனியன் பெட்டிக்குள் போகும் முன்பு கடைசியாக எங்கள் மேஜைக்கு வரும். தையல் விட்டிருந்தால், எண்ணெய்க் கறை இருந்தால், ஒரு கை நீளமாகவும் ஒரு கை குட்டையாகவும் இருந்தால், அந்த இடத்தைக் காட்டி ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவோம். இருபத்தாறு வருடப் பழக்கம். சட்டைப்பையில் அந்த ரோல் இல்லாமல் நான் வெளியே கிளம்பியது கிடையாது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலையின் கிழிசல்தான் முதலில் கண்ணில் படும். "நல்லவேளை, பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கு இவரு பாக்கெட்ல அந்த ரோலு இல்லை" என்று என் மனைவி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பாள்.

ஐம்பத்திரண்டு வயதில், இப்படிப்பட்ட எனக்கு, கூரையில்லாத பந்தயக் கார் மேல் ஆசை வந்தது. மூக்கு நீண்டு, கதவு தாழ்ந்து, இரண்டே பேர் உட்காரும் அந்தக் கால வெள்ளைக்காரன் கார். அசலை வாங்க வேண்டுமென்றால் நான் இன்னும் மூன்று பிறவி பனியன் பார்க்க வேண்டும். ஆகவே நகல். பழைய வேன் ஒன்றின் எஞ்சின், அதன் இரும்புச் சட்டம், மேலே ஃபைபரில் வார்த்த உடம்பு. எங்கள் ஊரில் நகல் கெட்ட வார்த்தை இல்லை. வெளிநாட்டிலிருந்து துணி வாங்கும் பையர் ஒரு சாம்பிள் அனுப்புவார். நாங்கள் அதைப் பார்த்து இன்னொன்று செய்து அனுப்புவோம். அவர் இரண்டையும் அருகருகே போட்டு ஓகே சொன்னால் ஊர் அடுப்பில் உலை ஏறும். நகல் காரை எடை போட என்னைவிடத் தகுதியான ஆள் யார் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் பார்த்தது கோயமுத்தூர்ப் பக்கம். நீல நிறம். ஏறி உட்கார்ந்துவிட்டேன், இறங்க முடியவில்லை. ஸ்டீயரிங்குக்கும் எனக்கும் நடுவில் என் வயிறு சமாதானத்துக்கே வரவில்லை. இரண்டு பேர் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார்கள். இரண்டாவது ஈரோட்டில். கண்ணைப் பறிக்கும் கறுப்பு. ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், அரசாங்கக் கணக்கில் அது இன்னமும் சரக்கு வண்டி. உள்ளே எங்கோ ஒரு கோழி இறகுகூடக் கிடந்தது. செக்போஸ்டில் நிறுத்தி, "கோழி எங்கே?" என்று கேட்டால் என்ன சொல்வது?

மூன்றாவதுதான் இந்த வெண்ணெய் நிறம். அவிநாசிபாளையத்திலிருந்து உள்ளே பிரியும் மண் சாலையில், தென்னந்தோப்பை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. அவர் அந்தக் காலத்தில் நிட்டிங் மிஷினுக்கு உதிரி பாகம் கடைந்து கொடுத்த லேத் பட்டறைக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பட்டறையை மூடிய பிறகு ஆறு வருடம் உட்கார்ந்து இந்தக் காரைச் செய்து, உடம்பு மாறிய விவரத்தை ஆர்.சி.யில் முறையாக ஏற்றியும் வைத்திருந்தார். மூட்டுவலி வந்து அதிக நேரம் கிளட்ச் மிதிக்க முடியாமல் போனதால்தான் விற்கிறார். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கொட்டகைக்குள் நுழைந்து அதைப் பார்த்ததும் எனக்கு ஓட்டும் ஆசைகூட வரவில்லை. தடவும் ஆசைதான் வந்தது. தடவினேன். தடவிய கை தன் தொழிலைச் செய்துவிட்டது.

"ஏனுங் தம்பி, இதென்ன பனியனுங்களா?"

திரும்பினேன். வெள்ளை வேட்டி, கை வைத்த பனியன், கையில் ஒரு சொம்பு மோர். என் மனைவி அவருடைய மனைவியோடு வீட்டு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். அங்கிருந்தபடியே என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சுக்கோங்கண்ணா. கை பழக்கமுங்க. எல்லாம் எடுத்தர்றேன்."

"எடுக்காதீங்க. என்ன குறைன்னு சொல்லுங்க, கேப்போம்." முதல் அம்புக்குப் பக்கத்தில் குனிந்தார். "இது?"

"பெயிண்ட்டுல ஒரு புள்ளிங்கண்ணா. குண்டூசித் தலையளவுதான்."

"இது?"

"வலது பக்க லைட்டு, இடது பக்கத்துக்கு ஒரு நூல் கீழ இருக்குதுங்க."

"அளந்தீங்களா?"

"கண்ணுலயே தெரியுதுங்க."

ஒவ்வொன்றாகக் கேட்டார். கேட்ட ஒவ்வொரு அம்பையும் நகத்தால் நிமிண்டி எடுத்துத் தன் முழங்கையில் ஒட்டிக்கொண்டார். ஏழும் முடிந்தபோது, போருக்குப் போய்த் திரும்பியவர் மாதிரி நின்றார். நான் சிரித்திருக்க வேண்டிய காட்சி. அவர் முகத்தைப் பார்த்ததும் ரோலைச் சட்டைப்பைக்குள் போட்டேன்.

"இதுக்கு முன்னால நாலு பேரு வந்தாங்க தம்பி. ஒருத்தன் இதுல பாட்டுப் பொட்டி பெருசா வெக்க எடம் இருக்குதான்னு கேட்டான். ஒருத்தன் கல்யாணத்துக்கு வாடகைக்கு உடறேன்னான். நாலு பேருக்கும் இல்லைன்னுட்டேன். நீங்க வேலை தெரிஞ்ச ஆளு. அதுனால உங்களுக்குக் குடுக்கலாம்னு தோணுது." மோர்ச் சொம்பை என் கையில் வைத்தார். "ஆனா, இன்னொரு குறை உங்க வாயில இருந்து வந்துதுன்னு வெய்ங்க, மோரைக் குடிச்சுப்போட்டு நீங்க பொறப்படலாங். வண்டி உங்களுக்கு இல்லை."

எவ்வளவு மரியாதையாகத் துரத்தப் போகிறார் பாருங்கள். எங்கள் பக்கத்துப் பேச்சில் கழுத்தைப் பிடித்துத் தள்ளினாலும் 'ங்க' போட்டுத்தான் தள்ளுவார்கள்.

"உங்க ஊட்டு அம்மிணியை ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறேன். உக்காந்து பார்த்தாத்தான பிடிக்குதான்னு தெரியும். சட்டை போட்டுட்டு வர்றேன்" என்று உள்ளே போனார்.

கொட்டகையில் நானும் காரும் மட்டும். அத்துடன் என் கால்சட்டைப் பையில் இன்னொரு சனியன்.

தையல் மிஷினில் ஊசி உடைந்தால் உடைந்த துண்டு முழுக்கக் கிடைக்கும்வரை அந்த லைனை ஓட விடக் கூடாது. கிடைத்த துண்டுகளை நோட்டில் டேப் போட்டு ஒட்டி, ஊசி முழுசாகச் சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். குழந்தை உடுப்பில் ஒரு முனை சிக்கியிருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அதைத் தேடுவதற்குத்தான் உள்ளங்கை அகலக் காந்தம் ஒன்று என்னிடம் எப்போதும் இருக்கும். புள்ளி, கறையெல்லாம் மைனர். தையல் விட்டது மேஜர். ஊசி முனை கிரிட்டிக்கல். கிரிட்டிக்கல் ஒன்றே ஒன்று கண்ணில் பட்டாலும் யோசிக்கக் கூடாது, யாரையும் கேட்கக் கூடாது, உடனே சத்தம் போட வேண்டும். என் மேஜையில் வேலைக்குச் சேரும் பெண்களுக்கு முதல் நாள் நான் நடத்தும் பாடம் இது. முதலாளியே எதிரில் நின்றாலும் சத்தம் போடு என்பேன். மேஜையைத் தட்டித் தட்டிச் சொல்வேன்.

காந்தத்தை எடுத்தேன். உடம்பு ஃபைபர், அதில் ஒட்டாது என்பது தெரியும். மண்டி போட்டுக் காருக்கடியில் கையை விட்டு, வண்டியையே தாங்கும் சேஸ் சட்டத்தில் ஓட்டினேன். வலது பக்கம் முழுக்கப் பல்லி மாதிரிப் பிடித்துக்கொண்டு வந்தது. பிடுங்கிப் பிடுங்கி நகர்த்த வேண்டியிருந்தது. நல்ல இரும்பு. இடது பக்கம் வந்தேன். முன் சக்கரத்துக்குப் பின்னால் பிடித்தது. அடுத்த சாணும் பிடித்தது. அதற்கடுத்து, இடது சீட்டுக்கு நேர் கீழே, காந்தம் என் விரலை விட்டு நழுவி மண்ணில் விழுந்தது.

மறுபடி வைத்தேன். விழுந்தது. ஒரு சாண் நீளத்துக்கு அந்த இடம் காந்தத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மேலே கறுப்புப் பெயிண்ட், மற்ற இடம் போலவே வழுவழுப்பாக. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே இரும்பு இருந்தால் ஏன் ஒட்டவில்லை? துரு தின்ற இடத்தில் பட்டி அடைத்து மேலே பெயிண்ட் அடித்தால்தான் இப்படி இருக்கும்.

கிரிட்டிக்கல். மேஜையைத் தட்டிச் சொன்ன வாய் திறந்திருக்க வேண்டும்.

நான் செய்ததோ வேறு. எழுந்து, முட்டி மண்ணைத் தட்டி, காந்தத்தைப் பைக்குள் போட்டு, மிச்சமிருந்த மோரைக் குடித்தேன். குடித்துக்கொண்டே எனக்கு நானே வக்கீல் வைத்தேன். நான் சுபாவத்திலேயே பயந்தாங்கொள்ளி. போன வருடம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி, வழியிலேயே மனைவியிடம் பீரோ சாவி இருக்கும் இடத்தைச் சொல்லி, அழுது, கடைசியில் அது முந்தின நாள் தின்ற பருப்பு வடை என்று டாக்டர் சொன்னார். லிஃப்டில் ஏறினால் கூட நிற்பவர்களின் எடையை மனதுக்குள் கூட்டுகிற ஆள் நான். இதுவும் அப்படித்தான் இருக்கும். பெயிண்ட் தடிமனாக இருக்கும். காந்தம் பழசாகியிருக்கும். எட்டாவது குறை சொன்னால் கார் போய்விடும். எல்லாவற்றுக்கும் மேல், அந்த வெண்ணெய் நிறம் கொட்டகை வாசல் வெயிலில் அப்படி மின்னிக்கொண்டிருந்தது.

அவர் கட்டம் போட்ட சட்டையும் தொப்பியுமாக வந்தார். பின்னாலேயே என் மனைவி. சேலை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. கைப்பையைக் கழற்றி என் தோளில் மாட்டினாள்.

"புடிச்சுக்கோங்க. காத்துல பறந்துரும்."

இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். காந்தம் விழுந்த இடத்துக்கு நேர் மேலே.

வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதிலிருந்து வந்தது இதுதான்: "மெதுவா போங்கண்ணா."

"மெதுவாவா? இது மெதுவா போறதுக்குச் செஞ்ச வண்டிங்களா?" என்றார். எஞ்சின் உறுமியது. தென்னை மரங்களுக்கு நடுவே புழுதியைக் கிளப்பிக்கொண்டு கார் மறைந்தது. மண் சாலை முடிந்து தார்ச் சாலையில் ஏறியபோது கியர் மாறும் சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் கேட்கவில்லை.

அவர் மனைவி எனக்கு நாற்காலி போட்டார். "குண்டடம் ரோட்டுல ஒரு சுத்துங்க. பத்து நிமிசத்துல வந்துருவாங்க."

பத்து நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாமலே இத்தனை வயதாகியிருந்தது. அந்த ஒரு சாண் இடத்தை மனதுக்குள் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். வண்டி நேராகப் போனால் ஒன்றுமில்லை. வேகத்தடை வந்தால்? அவர் வேகத்தடைக்குப் பிரேக் போடுகிற ஆளா? பள்ளத்தில் இறங்கினால் சட்டம் மடங்கும். மடங்கினால் சீட்டு இறங்கும். சீட்டுக்குக் கீழே ஓடுவது சாலை. எண்பதில் போகும்போது சட்டம் மடங்கினால் முன் சக்கரம் எந்தப் பக்கம் திரும்பும்? எதிரே நூல் லாரி வந்தால்?

போன் செய்தேன். என் தோளிலேயே மணி அடித்தது. கைப்பைக்குள் அவள் போன். அவருக்கு அடித்தேன். பட்டறை மேஜையில், சார்ஜரில் கிடந்தபடி அது நடனமாடியது.

பதினைந்து நிமிடம் ஆனது.

"ஏனுங், இப்படி வேர்க்குது? ஃபேன் போடட்டுங்களா?"

"அக்கா..." நாற்காலியை விட்டு எழுந்தேன். "வண்டிக்கு அடியில ஒரு எடத்துல காந்தம் ஒட்டலீங்க."

"அப்படின்னா?"

"உள்ள இரும்பு இல்லீங்க. துருப்பிடிச்ச எடத்துல பட்டி போட்டு மூடியிருக்குதுங்க. அண்ணனுக்குத் தெரியுமான்னு தெரியலை."

"அந்தச் சட்டத்தை வெல்டிங் வெச்சது வெளி ஆளுங்க. அவருக்குத் தெரிஞ்சிருந்தா ஓட்டுவாரா?" அக்கா இடுப்பிலிருந்து கையை எடுத்தார். "எந்தப் பக்கம்?"

"இடது பக்கம். சீட்டுக்கு அடியில."

அந்த அம்மா காலியான கொட்டகையைத் திரும்பிப் பார்த்தார். "ரெண்டு வருசமா நானு அங்கதானுங் உக்காந்துட்டிருந்தேன்" என்றார். அதற்கப்புறம் நான் எதிர்பார்க்காத குரலில், "வாயைப் பொளந்துட்டு நிக்காதீங்க, போங்க!" என்று சுவரில் தொங்கிய மொபெட் சாவியை எடுத்து என் மேல் எறிந்தார்.

குண்டடம் வழியாகப் போகும் தாராபுரம் சாலையில் உச்சி வெயிலில், தோளில் ஜரிகை வைத்த பெண்கள் கைப்பை தொங்க, ஐம்பத்திரண்டு வயது ஆள் ஒருவன் மொபெட்டில் பந்தயக் காரைத் துரத்திக்கொண்டு போனதை நீங்கள் யாராவது பார்த்திருந்தால், அது நான்தான். முழுக்க முறுக்கினாலும் நாற்பதைத் தாண்டாத வண்டி. என்னை ஒரு தண்ணீர் டேங்கர் முந்தியது. பிறகு புல்லுக்கட்டு ஏற்றிய ஒரு ஸ்கூட்டர் முந்தியது. அதன் பின்சீட்டிலிருந்த பெண்மணி கைப்பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே போனார்.

முக்கில் ஒரு பஞ்சர் கடை. "அண்ணா, வெண்ணெய் கலர்ல ஒரு காரு போச்சுங்களா? கூரை இல்லாத காரு?"

"போச்சு, போச்சு. ஒரு பொம்பளையும் ஒரு பெரியவரும். ரெண்டு பேரும் சிரிச்சுட்டே போனாங்க." அவர் கைப்பையைப் பார்த்தார். முகத்தில் ஒரு பெரிய அனுதாபம் வந்தது. "உடுங்க தம்பி. ஊட்டுக்குப் போங்க."

அவருக்கு விளக்க நேரமில்லை. அடுத்து ஸ்பின்னிங் மில் வாசலில் நின்ற வடக்கத்திப் பையன்களைக் கேட்டேன். எனக்குத் தெரிந்த இந்தி முழுவதும் 'பீஸ்', 'ஜல்தி', 'ஓவர்டைம்' என்ற மூன்று வார்த்தைகளில் முடிந்துவிடும். கைகளை அகட்டிக் காரின் மூக்கைக் காட்டினேன். அவர்களில் ஒருவன் தெற்கே கையை நீட்டினான். "உதர் கயா. ஏக்தம் ஸ்பீட்!"

ஸ்பீட். எனக்குப் புரியக் கூடாத வார்த்தை ஒன்றுதான் புரிந்தது.

முருகா என்று கூப்பிட்டேன். கூப்பிட்டுவிட்டு வெட்கமாகவும் இருந்தது. அவர் என்ன செய்வார்? காந்தம் விழுந்ததைக் காட்டியாகிவிட்டது. இதற்குமேல் ஒரு மனிதனுக்கு எப்படித்தான் சொல்லுவது?

ஒரு மேட்டில் ஏறி இறங்கினேன். தூரத்தில், சாலையோரத்தில் கூட்டம்.

ஒரு டவுன் பஸ் நடுச் சாலையிலேயே நின்றிருந்தது. ஜன்னல்களிலிருந்து தலைகள் நீண்டிருந்தன. ஒரு லாரி, நாலைந்து பைக். எல்லோரும் எதையோ சுற்றி நின்று கீழே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தின் கால்களுக்கு நடுவே வெண்ணெய் நிறம் ஒரு துண்டு தெரிந்தது.

அந்த இருநூறு அடியை நான் எப்படிக் கடந்தேன் என்று தெரியாது. மொபெட்டை நிறுத்தினேனா, கீழே போட்டேனா என்றும் தெரியாது. யாரையோ தள்ளினேன். யாரோ "அட, ஏனுங்!" என்றார்கள்.

கார் முழுசாக நின்றுகொண்டிருந்தது. இடது சீட்டில் என் மனைவி அவருடைய தொப்பியைப் போட்டுக்கொண்டு, மடியில் பனையோலை விரித்து, நுங்கு தின்றுகொண்டிருந்தாள். காரின் மூக்குப் பக்கத்தில் குனிந்து குனிந்து ஜனங்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பஸ் கண்டக்டரும் எடுத்துக்கொண்டிருந்தார். பெரியவர் கதவில் சாய்ந்து நின்று, எஞ்சின் எதனுடையது என்று யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார்.

"எறங்கு!" என்று கத்தினேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஏனுங்க, நீங்க எங்க இங்க? நுங்கு வேணுங்களா?"

"ஏ புள்ள, எறங்குன்னா எறங்கு!" கையைப் பிடித்து இழுத்தேன். நுங்கு சாலையில் சிதறியது. அவளை நான் ஊருக்கு முன்னால் அப்படிக் கூப்பிட்டதே கிடையாது. கூட்டம் செல்போன்களை என் பக்கம் திருப்பியது.

பெரியவர் நடுவில் வந்தார். "என்னாச்சுங் தம்பி?"

"காந்தம் ஒட்டலீங்கண்ணா."

"இது ஃபைபருங்க. காந்தம் எப்படி ஒட்டும்?"

"மேல இல்லீங்க. அடியில. சேஸ்ல. இடது சீட்டுக்குக் கீழ ஒரு சாண்."

அவர் முகம் கறுத்தது. காலையில் எச்சரித்த எட்டாவது குறை அது. முழங்கையில் அம்புகள் இன்னமும் இருந்தன. துரத்தப் போகிறார் என்று நின்றேன், துரத்தினால் போதும் என்றிருந்தது. அவர் டிக்கியைத் திறந்து ஒரு ஸ்பேனரையும் ஸ்க்ரூ டிரைவரையும் எடுத்தார். சாலையோரம் இளநீரும் நுங்கும் விற்றுக்கொண்டிருந்தவரிடம் ஒரு சாக்கு வாங்கித் தரையில் விரித்தார். மூட்டுவலிக்காரர், காலை ஒவ்வொன்றாக மடக்கி, வேட்டியோடு காருக்கடியில் நகர்ந்து போனார்.

ஸ்பேனரால் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. வலது பக்கம் டிங், டிங், டிங். இடது பக்கம் டிங். டிங். அப்புறம், ஈர மண்ணைத் தட்டியது போல, தொப்.

அதே இடத்தில் இன்னொரு தடவை தட்டினார். தொப்.

நான் குனிந்து பார்த்தேன். ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினார். பெரிய அழுத்தம்கூட இல்லை. அது பிடி வரைக்கும் உள்ளே போயிற்று.

வெளியே வந்தபோது அவர் உள்ளங்கையில் செதில் செதிலாகத் துருவும், காய்ந்த பட்டியும் இருந்தன. மைல்கல்லின் மேல் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைந்த உருப்படியை நூலிழை அளவுக்குச் சுத்தமாகக் கொடுத்த கை அது.

"எல்லாத்தையும் நானே செஞ்சேன் தம்பி. இது ஒண்ணைத்தான் அடுத்தவன் கையில குடுத்தேன். திருப்பி வந்தப்போ பெயிண்ட் பளபளன்னு இருந்துச்சு. தட்டிப் பார்க்கலை." கையிலிருந்த துருவைக் கீழே உதறினார். "என்ற ஊட்டுக்காரியைத்தான் அந்தப் பக்கம் உக்கார வெச்சுக் கூட்டிட்டுச் சுத்தினேன்."

"உங்க மேல தப்பில்லீங்கண்ணா" என்றேன்.

"வரும்போதே சீட்டு கொஞ்சம் கீழ எறங்குன மாதிரி இருந்துச்சுங்க" என்றாள் என் மனைவி. "நான்தான் குண்டாயிட்டேன்னு நெனச்சு, நுங்கோட நிறுத்திக்கலாம்னு சொல்லிட்டிருந்தேன்."

யாரோ சிரித்தார்கள். நானும் சிரிக்கப் போனேன். உயிர் திரும்பி வந்த சிரிப்பு. உயிரைக் காப்பாற்றிய வீரனுக்குரிய சிரிப்பும் அதில் கொஞ்சம் கலந்திருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அவள் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். செக்கிங் மேஜையில் சந்தேகமான பீஸை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துப் பார்க்கும் பார்வை. அதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான்.

"காந்தம் வெச்சுப் பார்த்தது எப்பங்க?"

"காலையில."

"காலையிலன்னா? நாங்க பொறப்படறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

பின்னால் என்று சொல்ல வழியே இல்லை. வண்டி அவர்களோடு போய்விட்டது, காந்தத்தை நான் வேறெதில் வைத்துப் பார்த்திருக்க முடியும்? பெரியவரும் தலையைத் தூக்கினார். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி, ஊதாமல், பதிலுக்காகக் காத்திருந்தார்.

"முன்னால" என்றேன்.

"தெரிஞ்சே என்னை அதுல உக்கார வெச்சீங்க."

"அப்படியில்ல புள்ள. எனக்கு எப்பவும் வர்ற பயம்தான்னு நெனச்சேன். பருப்பு வடை மாதிரி..."

"பருப்பு வடைக்குச் சாவி எங்க இருக்குதுன்னு சொன்னீங்க. இதுக்கு வாயைத் தொறக்கலை." குரல் ஏறவே இல்லை. "காரு போயிரும்னுதானுங்க?"

ஆமாம் என்று சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. என் தோளிலிருந்து கைப்பையை எடுத்துக்கொண்டாள். கீழே கிடந்த மொபெட்டை நிமிர்த்தி, உதைத்துக் கிளப்பி, அந்தம்மா தனியாகப் பயந்துகொண்டிருப்பார் என்று பெரியவரிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கூட்டம் மெதுவாகக் கலைந்தது. போகும்போது இளநீர்க்காரர் ஒரு இளநீரைச் சீவி என் கையில் கொடுத்தார். கேட்காமலே.

டிராக்டர் ஒன்றைப் பிடித்து, கயிறு கட்டி, நடக்கும் வேகத்தில் காரைக் கொட்டகைக்கு இழுத்து வந்தோம். பெரியவர் டிராக்டரில். ஸ்டீயரிங்கைப் பிடித்து நான். என் கனவுக் காரை முதல் தடவையாக ஓட்டியது அப்படித்தான், ஒரு டிராக்டர் புகையைக் குடித்துக்கொண்டு. காலியான இடது சீட்டை வழியெல்லாம் என்னால் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

வண்டி விற்பனைக்கு இல்லை என்று பெரியவர் சொல்லிவிட்டார். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். வீட்டில் மூன்று வாரம் சோறு வந்தது, குழம்பு வந்தது, பேச்சு வரவில்லை. யூனிட்டில் புதிதாகச் சேர்ந்த பெண்களுக்குக் கிரிட்டிக்கல் பாடம் நடத்தும்போது அவள் வேண்டுமென்றே கதவருகில் வந்து நின்று கேட்டாள். நான் அதுவரை மேஜையைத் தட்டிச் சொன்ன இடத்தை அன்று தட்டாமல் சொன்னேன்.

பெரியவர் சும்மா இருக்கவில்லை. இடது பக்கச் சட்டத்தை முழுசாக வெட்டி எறிந்து, புது இரும்பில் தானே வெல்டிங் வைத்தார். இரண்டு மாதம் ஆனது. முடித்ததும் எனக்குப் போன் செய்யவில்லை, என் மனைவிக்குச் செய்தார். "அம்மிணி, நீங்க வந்து தட்டிப் பார்த்துச் சொல்லுங்க. உங்களுக்குச் சரின்னு பட்டாத்தான் நான் யாருக்கும் விப்பேன்."

அவள் போனாள். என்னையும் கூட்டிக்கொண்டு போனாள், டிரைவராக. காருக்கடியில் புதுச் சட்டத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் அவளே ஸ்பேனரால் தட்டினாள். நான் வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். எல்லாம் டிங்.

வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டாள். "வாங்கிக்கறோமுங்க" என்று அவரிடம் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். அந்த இரண்டு மாதத்தில் என்னிடம் பேசிய முதல் நீளமான வாக்கியம் இது: "ஆனா ஓட்டறது நானு. நீங்க எடது பக்கம்."

அவளுக்கு லைசென்ஸ் உண்டு, யூனிட் வேனைப் பத்து வருடமாக ஓட்டுகிறாள். மறுபேச்சுக்கு இடமில்லை. பெரியவரின் மனைவி சாவியை அவள் கையில்தான் கொடுத்தார்.

இப்போது ஞாயிறுதோறும் போகிறோம். மூக்கு நீண்ட வெண்ணெய் நிறக் காரில், கூரையில்லாமல், ஜனங்கள் நின்று பார்க்க, நான் இடது பக்கம் கால்களைத் தரையில் ஊன்றி, கதவின் மேல்விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்த விஷயத்தைப் பற்றி அவள் அதன் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை. வேகத்தடை வரும்போது மட்டும் பிரேக்கைத் தொடுவதில்லை. வண்டி ஏறி இறங்கித் தரையில் விழும் அந்த நொடியில், சாலையை விட்டுவிட்டு, ஒருமுறை என் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறாள்.